வலப்பக்கத்துச் சிக்னல்

முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வந்த சனம் சாப்பிட்டுப் போன பிறகுதான் சிவகௌரி காரேஜுக்குள் கால் வைத்தாள். கார் நின்றது. புருஷன் சிறிதரன் பாதி கழற்றிப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிய அந்தப் பழைய மொறிஸ் மைனர், முன்லைட்டும் இல்லாமல் பம்பரும் இல்லாமல் அப்படியே நின்றது. அதன் சாமான்கள் இருந்த பெட்டிகளைத்தான் காணவில்லை. ஆட்கள் இருந்து சாப்பிட இடம் வேணுமே என்று சிறிதரனின் தம்பி அருந்தவன் காரேஜை ஒதுக்கிக் கழுவி, பெட்டிகளை வாசல் புல்லில் வைத்துவிட்டார். அது கவுன்சில்காரர் பழைய சாமான் ஏற்றுகிற கிழமை. டண்டினொங்கில் அந்தக் கிழமை புல்லில் கிடப்பதை யாரும் எடுக்கலாம். எடுத்துவிட்டார்கள்.

"பழைய இரும்பெண்டு நினைச்சிட்டன் அண்ணி," என்றார் அருந்தவன்.

செத்த வீட்டில் வராத அழுகை அப்போது வந்தது. அழுது முடிய ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரம் நல்லதாய்ப் போயிற்று, இல்லையென்றால் அவள் கட்டிலைவிட்டு எழும்பியே இருக்கமாட்டாள். தகப்பன் காரில்தான் கலியாணத்துக்குப் போவேன் என்று மகள் ராகவி எப்போதோ சொல்லிவைத்திருந்தாள். தகப்பன் இல்லை. காராவது இருக்கவேண்டாமா?

பஸ் பொருத்துகிற தொழிற்சாலையில் பல வருஷம் நட்டு முடுக்கியவள் சிவகௌரி. காரைத் திரும்பப் பொருத்திப் பூட்டுவது அவளுக்குப் பெரிய காரியமில்லை, சாமான்களைப் பிடிப்பதுதான் பெரும்பாடு. முதலில் தன் தெருவில் வீடு வீடாகத் தட்டினாள். பிறகு பழைய இரும்புக் கடைகள். ஒரு கடையில் முன்லைட் இரண்டும் கிடைத்தன. புருஷன் வரவில்லையா என்று கடைக்காரன் கேட்டான். அவர் வரமாட்டார், நான் வந்திருக்கிறேன், அதை இறக்கு என்றாள். மூன்று தெரு தள்ளி ஒரு வீட்டில் காரின் சில்லு மூடிக்குள் நாய் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போய்த் தன் குசினியிலிருந்து சில்வர் கோப்பை ஒன்றைக் கொண்டுவந்து நாய்க்குக் கொடுத்துவிட்டு மூடியை வாங்கிக்கொண்டாள். நாய்க்கும் அது பிடித்துத்தான் இருந்தது. பம்பர் ஒரு பழைய சாமான் சந்தையில், கதவுப்பிடி இணையத்தில் ஒரு கிழவரிடம். இப்படிப் பொறுக்கிப் பொறுக்கி கார் காராகியது.

ஒன்றுதான் அகப்படவில்லை. அந்தக் காருக்கு மின்னுகிற சிக்னல் கிடையாது. கதவுக்குப் பின்னால் தூணுக்குள்ளிருந்து மஞ்சள் விளக்கு வைத்த ஒரு சின்னக் கை வெளியே நீளும். இடப்பக்கத்துக் கை கிடைத்துவிட்டது. வலப்பக்கத்துக்கு சிட்னி பென்டில் ஹில்வரை ஆள் பிடித்து ஒன்றை வரவழைத்தாள். பெட்டியைத் திறந்தால் பாதியில் முறிந்து கிடந்தது.

ராகவியின் கலியாணத்துக்கு ஒரு கிழமை முன் அருந்தவன் வந்து குசினிக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தார்.

"ஒரு பக்கம் சிக்னல் இல்லாத காரிலை பொம்பிளையைக் கொண்டுபோறதே அண்ணி? வெள்ளை லிமோ ஒண்டு பிடிப்பம். நீங்கள் பின்னாலை எங்களோடை வாங்கோ."

"கையாலை காட்டினால் காணும். காரை றோட்டிலை விடலாமோ எண்டு செக் பண்ணின ஆளே சொன்னவன்."

"அதுக்கில்லை..." அவர் கோப்பைக்குள் பார்த்தார்.

அவளுக்கு விளங்கிவிட்டது. சிறிதரன் போன இந்த ஒன்றரை வருஷமாக நல்ல காரியம் நடக்கிற இடத்திலெல்லாம் இதுதான். தாலிக்குப் பொன்னுருக்குகிற சடங்குக்குப் போனால் சரியாக அந்த நேரம் பார்த்து யாராவது அவளிடம் குசினியில் ஒரு வேலை சொல்வார்கள். தாலியை ஆசீர்வதிக்கத் தட்டு வரும்போது அவளைத் தாண்டிப் போய்விடும். யாரும் வாய் திறந்து எதுவும் சொல்வதில்லை, அதுதான் கெட்டித்தனம். அவளும் மூன்றாவது வரிசையில் போய் இருந்து பழகிவிட்டாள். இருந்ததை நினைக்க இப்போது தன்மீதே எரிச்சல் வந்தது.

"குறை காரிலையோ, என்னிலையோ? வாயாலை சொல்லுங்கோ தம்பி."

"மாப்பிள்ளை பகுதி முழிவியளம், முதல் கண்ணிலை படுற முகம் எல்லாம் பாக்கிற ஆக்கள். வந்து இறங்கேக்கை முன்னுக்கு நீங்கள் இருந்தால்..."

"என்ரை பிள்ளைக்கு என்ரை முகம் கூடாதெண்டால் வேறை ஆற்றை முகம் நல்லது?" குரல் உயரவில்லை. பாதி குடித்த கோப்பையை அவர் கையிலிருந்து வாங்கி சிங்கில் வைத்தாள். "கார் வெளிக்கிடும். நான்தான் ஓடுவன்."

நடையில் நின்ற ராகவி, "அம்மாதான் ட்ரைவ் பண்ணுறா சித்தப்பா. நோ டிஸ்கஷன்," என்றுவிட்டுத் தன் அறைக்குப் போனாள்.

கலியாணத்தன்று சிவகௌரி அரக்குச் சேலை உடுத்தாள். அலுமாரிக்குள் கிடந்த காப்புகளை எடுத்து, யோசித்து, எல்லாவற்றையும் வலக்கையிலேயே போட்டாள். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு மொறிஸ் மைனர் தெருவில் இறங்கியது. பின்னால் மகள், அதற்குப் பின்னால் அருந்தவனின் கார், அதற்குப் பின்னால் சொந்தம் முழுக்க. இடப்பக்கத் திருப்பங்களில் மஞ்சள் கை ஒழுங்காக வெளியே வந்தது.

மண்டபம் வலப்பக்கம். வாசலில் ஆரத்தித் தட்டோடு மாப்பிள்ளை பகுதி நிற்பது தெரிந்தது. எதிரே கார்கள் வந்துகொண்டிருந்தன. சிவகௌரி பிரேக்கை அமத்தி, கண்ணாடியை முழுக்க இறக்கி, கையை வெளியே நேராக நீட்டினாள். காப்புகள் சரிந்து மணிக்கட்டில் சேர்ந்தன. எதிரே வந்த லொறிக்காரன் வேகத்தைக் குறைத்து நின்றான். அருந்தவனின் கார், சிக்னல் மின்ன மின்ன, அந்தக் கைக்குப் பின்னால் காத்து நின்றது.