மங்களத்தின் கண்ணில் முனியாயி

எம்.சி.ஓ. ஊரடங்கு முடிந்து ஊர் திறந்த வருஷம், மலாக்காவில் பாச்சாங்கில் குடியிருந்த முனியாயி தஞ்சோங் கிளிங் கடற்கரையில் நின்றபடி, கடலுக்கு அந்தப் பக்கம் சுமத்ராவில் ஒரு பெண் துணி காயப்போடுவதைப் பார்த்தாள். அங்கே கரை இருக்கிறது என்பதே மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. நீலத் தகரக் கூரை வீடு, வாசலில் ஒரு பலாமரம், கொடியில் பச்சைக் கைலி, அதன் ஓரம் கிழிந்திருக்கிறது, அந்த அம்மா அதைக் கவனிக்கவில்லை என்று முனியாயி சொன்னாள். பக்கத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவருக்கு அந்தக் கரையில் உறவுக்காரர்கள் உண்டு. போன் போட்டு விசாரித்தார். வீடும் இருந்தது, பலாமரமும் இருந்தது, கைலியும் கிழிந்துதான் இருந்தது. அவர் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு மறுபடி வலையைப் பிரிக்கத் தொடங்கினார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் முனியாயி கங்கோங் கீரை வாங்கினாள். மழைக்காலம் என்பதால் கட்டு சின்னதாக இருந்தது.

முனியாயியும் மங்களமும் ஓரகத்திகள். அண்ணன் தம்புசாமிக்கு முனியாயி, தம்பி பெரியதம்பிக்கு மங்களம். மஸ்ஜித் தானாவுக்கு உள்ளே இருந்த ரப்பர் தோட்டத்தில் இரண்டு குடும்பமும் ஒரே லயத்து வரிசை வீடுகளில் இருந்த காலத்தில், கண் என்றால் அது மங்களத்தின் கண்தான். தோட்டத்தில் யாருக்கு ஊசியில் நூல் கோர்க்க வேண்டுமானாலும், யார் காலில் முள் ஏறினாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். பெண் பார்க்கப் போன அன்று அவள் ஒரே ஒருமுறை நிமிர்ந்து பார்த்ததில் பெரியதம்பியின் கையிலிருந்த தேத்தண்ணி மறுபடி கொதித்துப் பொங்கியது. முனியாயிக்கு அந்தத் தொந்தரவெல்லாம் இல்லை. சிறுவயதிலிருந்தே சோடாப்புட்டிக் கண்ணாடி. அதைக் கழற்றினால் கை நீட்டும் தூரத்துக்கு மேல் எல்லாம் பனிமூட்டம். கல்யாணப் படத்துக்காக அவள் கண்ணாடியைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். அந்தப் படத்தில் தம்புசாமி கேமராவைப் பார்க்கிறார், முனியாயி பக்கத்திலிருந்த வாழைமரத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

தோட்டம் கைமாறி வீடமைப்பு நிலமானதும் இரண்டு குடும்பமும் பாச்சாங்கில் ஒரு தாமான் குடியிருப்புக்கு வந்து, ஒரே சுவரின் இரண்டு பக்கமும் குடியேறின. சில வருஷங்களில் தம்புசாமி சர்க்கரை நோயில் போய்ச் சேர்ந்தார். பிள்ளைகள் இல்லை. ஒருத்திக்காகக் கோழி வாங்கிச் சமைக்க முனியாயிக்கு மனம் வரவில்லை. கொல்லைச் சுவருக்கும் லோங்காங்குக்கும் இடையில், மழைத்தண்ணீர் ஓடும் அந்தக் கால்வாயை ஒட்டிக் கிடந்த மண்ணில் முருங்கைக் கொம்பு ஒன்றை ஊன்றினாள். பிறகு பசலை, தவசிக்கீரை, வல்லாரை, பூசணி, ஒரு பப்பாளி. எதை வதக்கினாலும் எண்ணெயும் பூண்டும் தாராளமாகப் போடுவாள். சுவருக்கு அந்தப் பக்கம் மங்களம் வீட்டில் காலையில் ரொட்டி சானாய், பகலில் கோழி, சாயங்காலம் மிச்சக் கோழி. லாரி ஓட்டிவிட்டு வரும் பெரியதம்பி கீரையைத் தட்டில் கண்டால், ஆட்டுக்குப் போடுவதைத் தனக்குப் போட்டுவிட்டதாக முகம் சுளிப்பார்.

முனியாயியின் பார்வை படிப்படியாகத்தான் வந்தது. முதலில் கண்ணாடி போட்டால் தலை வலித்தது. கழற்றி வைத்துவிட்டு வதக்கினாள், கடுகு தனித்தனியாகத் தெரிந்தது. அடுத்த மாதம் எதிர்வீட்டுக் கூரையில் ஊரும் எறும்புகள் தெரிந்தன. தீபாவளிக்குள் மெயின் ரோட்டில் வரும் பஸ்ஸின் நம்பரைக் கொல்லையிலிருந்தே சொன்னாள். நடுவில் கட்டடங்கள் இருந்தன, பார்வை அவற்றைச் சுற்றிக்கொண்டு போனது. கடற்கரைச் சம்பவத்துக்குப் பிறகு ஆட்கள் தேடி வர ஆரம்பித்தார்கள். மோட்டார் சைக்கிள் காணாமல் போனவர் வந்தார். கோயில் கலசம் சாய்ந்திருக்கிறதா என்று கேட்கக் கமிட்டி ஆள் வந்தார். பெரியதம்பியும் லாரியைக் கிளப்பும் முன் வேலியோரம் நின்று, "அண்ணி, ஆயர் கெரோ பக்கம் ஜாம் இருக்கா, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

அவர் அப்படிக் கேட்கத் தொடங்கிய வாரத்திலிருந்து மங்களத்துக்குப் பொறாமை வந்தது. அதற்கு ஒரு நெடி இருந்தது. காய்ந்த மிளகாய் கருகும் நெடி. அவள் அடுப்பைப் பற்றவைக்காத நேரத்திலும் ஜன்னல் வழியே வந்ததில் அக்கம்பக்கத்தார் தும்மினார்கள். எதிர்வீட்டுச் சீனக் கிழவர் அவள் சம்பல் வியாபாரம் தொடங்கியிருப்பதாக நினைத்து ஒரு போத்தல் கேட்டார். பெரியதம்பி எம்.சி.ஓ. காலத்து முகக்கவசங்களைத் தேடியெடுத்து வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. முனியாயியிடம் ஆள் வரும் நாட்களில் நெடி கூடும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அவர்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. மங்களத்துக்குக் கதவுச் சட்டம் வளைந்து தெரியத் தொடங்கியிருந்தது. தரை ஓடுகளின் கோடுகள் அலைபோல் நெளிந்தன. பிறகு பார்க்கும் எதிலும் நடுவில் ஒரு கறை விழுந்தது. கடிகாரத்தில் எண்கள் தெரிந்தன, முள் தெரியவில்லை. ஆட்களின் காது, தோள், செருப்பு தெரிந்தது, முகம் இருந்த இடத்தில் சாம்பல் பூத்திருந்தது. கண்ணால் பெயரெடுத்தவள் இதை யாரிடம் சொல்வாள்? குரலை வைத்தே ஆட்களைத் தெரிந்துகொண்டாள். ஊசியைக் கையில் எடுப்பதையே விட்டாள்.

மகள் ஷாமினி மலாக்கா டவுனில் ஒரு கண் கிளினிக்கில் நர்ஸாக இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது பேச்சு முனியாயியிடம் போனது.

"பெரியம்மா சாப்பாடுதாம்மா காரணம். கீரையில லூட்டின்னு ஒரு சத்து இருக்கு. கண்ணுக்குள்ள பின்னால, நட்ட நடுவுல, மஞ்சள் புள்ளின்னு ஒரு எடம். அந்தச் சத்து நேரா அங்க போயி உக்காந்துக்கும். வெளிச்சம் சுடாம உள்ளயே கூலிங் கிளாஸ் போட்ட மாதிரி லா. எண்ணெயில வதக்குனாதான் ஒடம்பு நல்லா எடுத்துக்கும். பெரியம்மா கரெக்டா அதான் செய்றாங்க."

"அப்ப கீரை தின்னா எல்லாருக்கும் இந்தோனேசியா தெரியுமா?"

"அதெல்லாம் எங்க புக்ல இல்லம்மா. அது பெரியம்மாவுக்கு மட்டும்தான்."

அந்த 'மட்டும்தான்' மங்களத்தின் நெஞ்சில் மீன் முள்போல் நின்றது. அன்று வந்த நெடியில் பெரியதம்பி முகக்கவசத்தோடு சேர்த்துத் துண்டையும் கட்டிக்கொண்டார்.

மறுநாளிலிருந்து அவள் திருடினாள். முனியாயி குளிக்கப் போகும் நேரம் பார்த்து, சுவரோரம் கையை நீட்டி முருங்கையை உருவினாள், பசலையைக் கிள்ளினாள். கோழியை நிறுத்தினாள். கீரையும் பூசணியும் போதாமல் கேரட்டைக் கூடை கூடையாக வாங்கிக் கடித்தாள். மாதங்கள் போயின. கறை குறையவில்லை, உள்ளங்கை மஞ்சளானது. பிறகு முகம், கழுத்து, பாதம். மஞ்சள் காமாலை என்று பயந்த பெரியதம்பி மகளைக் கூப்பிட்டார். ஷாமினி அம்மாவின் கையைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தாள். கண்ணின் வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறது, இது காமாலை இல்லை, கேரட், நிறுத்தினால் போய்விடும் என்றாள். அப்போது மங்களம் சிரிப்புச் சத்தம் வந்த திசைக்குக் கொஞ்சம் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டு நின்றாள். அதைக் கண்டதும் ஷாமினியின் சிரிப்பு நின்றது.

கிளினிக்கில் பெரிய டாக்டர் பார்த்தார். மஞ்சள் புள்ளிதான் தேய்ந்துவிட்டது. காரில் திரும்பும்போது ஷாமினி மெதுவாகச் சொன்னாள்: "நடுவுல போயிருச்சும்மா. ஓரம் இருக்கும். கீரை சாப்பிடு, நான் வேணாங்கல. மிச்சம் இருக்கறத அது காப்பாத்தலாம். போனத திருப்பிக் கொண்டாராது." கண்ணாடிகளை இறக்கியும் கார் முழுக்க மிளகாய் கருகியது.

அந்தச் சனிக்கிழமை முனியாயி பசாருக்குப் போயிருந்தபோது, மங்களம் விசேஷங்களுக்குச் சோறு வடிக்கும் குண்டானில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, உப்பைக் கொட்டி, சுமந்துபோய் முருங்கை வேரில் ஊற்றினாள். மறுபடி கொதிக்கவைத்துப் பசலையில் ஊற்றினாள். பிறகு மிச்சம் எல்லாவற்றிலும். முருங்கை இலைகள் நின்ற நிலையில் கறுத்து, மொத்தமாக ஒரே சமயத்தில் உதிர்ந்தன. அவள் லோங்காங் திட்டில் உட்கார்ந்துவிட்டாள். முனியாயி வந்து கூடையை இறக்கிவைத்தாள்.

"பாத்துக்கிட்டுதான் இருந்தேன்," என்றாள்.

"எங்கேருந்து?"

"பசார்லேருந்துதான். மீன் கடைக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு. கடைசி நடையில உன் கால்ல தெறிச்சிருச்சு."

"பாத்தல்ல? அப்பவே கத்த வேண்டியதுதானே?"

"அங்கேருந்து கத்துனா உனக்குக் கேக்குமா லா? கண்ணு போற தூரம் வாய் போவுதா?"

முனியாயி உள்ளே போய்த் தேங்காயெண்ணெய் எடுத்துவந்து அவள் காலைத் தன் மடியில் வைத்துத் தடவினாள். "நான் மட்டும் என்னா யோக்கியமா?" என்றாள். "தோட்டத்துல உன் கண்ணப் பாத்துப் பாத்து எனக்கு வயிறு எரிஞ்சிருக்கு. ஒரு நாள் உன் மைக்கிண்ணத்துல மொளகாத்தூளக் கலந்துடலாம்னு வந்தேன். வந்த எடத்துல கண்ணாடி கழண்டு விழுந்திருச்சு. கிண்ணம் எது, குங்குமச்சிமிழ் எதுன்னு தெரியாம திரும்பிப் போயிட்டேன்."

மங்களம் திட்டுவதற்காகத் தலையை நிமிர்த்தினாள். வாய் திறந்தபடி நின்றது.

"அக்கா, உன் மூஞ்சி தெரியுது," என்றாள். மூக்கின் மேல் கண்ணாடி அழுத்திய பழைய வடு, நரைத்த புருவம், உதட்டோரம் ஒட்டியிருந்த வெற்றிலைத் துணுக்கு, எல்லாம் தெரிந்தன. மங்களம் தன் புருஷன் முகத்தைப் பார்த்து மாதக்கணக்காகிறது. மகள் முகத்தைப் பார்த்தும்தான். "ஐயோ, போயும் போயும் உன் மூஞ்சியா தெரியணும்!" என்று ஓங்கி அழுதாள்.

அன்றிலிருந்து மங்களத்தின் பார்வையின் நடுவில் முனியாயி மட்டுமே இருந்தாள். எவ்வளவு தூரத்தில் இருந்தாலும், எத்தனை சுவர் குறுக்கே நின்றாலும், கண்ணை மூடினாலும் தெரிந்தாள். அவள் பல் விளக்குவதும், கீரையில் மணல் போக அலசுவதும், தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதும், யாரும் இல்லாத கூடத்தில் கால் நீட்டி டிவி பார்ப்பதும் மங்களத்துக்குத் தெரிந்தன. முதல் சில வாரங்கள் நரகம்தான். சுவர் வழியே, "அக்கா, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி உக்காரேன்" என்று கத்துவாள். ஷாமினி சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு டாக்டர், இதற்கு மருந்து இல்லை, ஆனால் ஆபத்தும் இல்லை என்றார்.

மாறியது முனியாயிதான். பிறந்ததிலிருந்து யாரும் அவளை இரண்டாம் முறை பார்த்ததில்லை. தம்புசாமிகூட அவளோடு பேசும்போது அவள் மூக்குக்கண்ணாடியில் தெரியும் தன் முகத்தைத்தான் பார்த்துக்கொள்வார். இப்போது ஒருத்தி நாள் முழுக்கப் பார்க்கிறாள் என்று தெரிந்ததும் அவள் நைட்டியை விட்டுவிட்டுச் சேலை கட்டினாள். தலையை வாரி முடிந்தாள். வெங்காயம் நறுக்கும்போது நிமிர்ந்து உட்கார்ந்தாள். கொல்லை மண்ணை வெட்டிக் கொட்டிவிட்டுப் புது மண் போட்டு மறுபடி நட்டாள். கீரை ஆயும்போது மங்களத்தைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். அங்கேதான் மற்றொன்றும் தெரியவந்தது. முனியாயியின் கையில் இருக்கும்வரை இலை நரம்போடு தெரிந்தது. முறத்தில் விழுந்ததும் மறைந்தது. அவளைத் தொட்டுக்கொண்டிருப்பதெல்லாம் தெரியும், விட்டால் தெரியாது.

அடுத்த வருஷம் ஷாமினிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை நிவேந்திரன், பள்ளிக்கூட வாத்தியார். மங்களம் எல்லா வேலையும் செய்தாள், பத்திரிகை கொடுக்கப் போனாள். மண்டபத்தில் அலங்காரம் முடிந்து மகளைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தியபோது, அவளுக்கு ஜரிகை தெரிந்தது, கழுத்து மாலையின் ஓரம் தெரிந்தது. முகத்தில் சாம்பல். அவள் கையை நீட்டித் தடவப் போனாள். அலங்காரம் செய்த பெண், "ஆன்ட்டி, மேக்கப் கலைஞ்சிரும்" என்று கையைத் தடுத்தாள்.

அதுவரை வாசலில் சந்தனத்தட்டோடு நின்றிருந்த முனியாயி தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்தாள். ஷாமினியின் தோளைப் பிடித்து, தன் கன்னத்தை அவள் கன்னத்தோடு அழுத்தி வைத்தாள்.

"சீக்கிரம் பாரு மங்களம். எனக்குக் கழுத்து வலிக்குது."

மங்களம் பார்த்தாள். நெற்றிச்சுட்டியின் கல், மூக்கோரம் புதிதாக வந்திருந்த ஒரு பரு, அழக்கூடாது என்று இறுக்கிய உதடு. கண்கள் அவளுடைய கண்கள்தான், தோட்டத்தில் பேர்போன அதே கண்கள். வெளியே நாதஸ்வரக்காரர் அவசரப்படுத்தினார். யாரும் அசையவில்லை.

"எடது கண்ணுல மை கோணலா இருக்கு," என்றாள் மங்களம். விரல் நுனியால் அதைச் சரிசெய்தாள். பிறகு, "போதும்க்கா, எவ்ளோ நேரம் எம் புள்ளய ஒட்டிக்கிட்டே நிப்ப?" என்றாள். அறையில் மிளகாய் நெடி எழுந்தது. அலங்காரப் பெண் வரிசையாகத் தும்மினாள். முனியாயி கன்னத்தை எடுக்கவில்லை.

இப்போதும் சனிக்கிழமை காலையில் பாச்சாங் பசாருக்கு இருவரும் போகிறார்கள். முனியாயி முன்னால் நடக்கிறாள். சில அடி தள்ளி மங்களம், வேறு யார் கையையும் பிடிக்காமல், முன்னால் போகிறவளின் முதுகைப் பார்த்தபடி பின்னால் வருகிறாள். குழி இருந்தால் முனியாயி சுற்றிப் போகிறாள், மங்களமும் சுற்றிப் போகிறாள். கீரைக்காரர்கள் இருவருக்கும் சேர்த்தே கட்டு எடுத்து வைக்கிறார்கள். தாமானுக்குப் புதிதாக வந்தவர்கள், இந்த இரண்டு அம்மாக்களும் ஏதோ சண்டையில் இருக்கிறார்கள், அதனால்தான் சேர்ந்து நடப்பதில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். சண்டையும் உண்டுதான். போன வாரம் முனியாயி புதிதாக எடுத்த ஊதாச் சேலையைப் பற்றி.