பச்சை மையில் பதினான்கு பக்கங்கள்

கடிதங்களும் அறிக்கைகளும் மட்டுமே எழுதிப் பழகிய கை கதை எழுதத் துணிந்தமைக்குக் கற்றறிந்த அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். படித்து முடித்தபின் எவருக்கேனும் நேரம் வீணாயிற்று என்று தோன்றினால், அதற்கான மன்னிப்பையும் இப்போதே கோரிவிடுகிறேன்.

கதைக்குரிய பெண்மணியை அலுவலகத்தில் அனைவரும் 'பச்சைப்பேனா' என்றே அழைத்தனர். அவர் தணிக்கையாளர். பிறர் எழுதிய கணக்கை வரிவரியாகச் சரிபார்த்து, ஒவ்வொரு வரிக்கும் பச்சை மையில் ஒரு சரிக்குறி இடுவார். அதன் வால் மட்டும் சற்று நீண்டு, மேல்நோக்கிச் சுருண்டிருக்கும்.

கணவருக்கு வேலை மாறியதால் குடும்பம் ஊர் மாறிற்று. பழைய சங்கத்தின் பட்டயம் இவ்வூரில் செல்லாது. இங்குள்ள சங்கத்திற்கு உறுப்பினர் பதிவை மாற்றிக்கொண்டால்தான் அறிக்கையில் கையெழுத்திட முடியும். புதிய நிறுவனத்தின் தலைவரோ நயமாகவே கழுத்தைப் பிடித்தார்.

"வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள புது உறுப்பினர் எண் என் மேசையில இருந்தா நாற்காலி உங்களுக்கும்மா. இல்லைன்னா அடுத்தவர் வாசல்லயே நிக்கிறார்."

பழைய சங்கம் தரவேண்டிய நன்னடத்தைக் கடிதம் ஆடி அசைந்து திங்கட்கிழமைதான் வந்து சேர்ந்தது. புதிய சங்கமோ விண்ணப்பத்தைப் பரிசோதிக்க மூன்று வாரம் எடுத்துக்கொள்ளுமாம். இருப்பினும் அன்று மாலையே அவர் பதினான்கு பக்கப் படிவத்தை நிரப்பினார். பின்னர், கை தன் பாட்டுக்குப் பேனாவைத் தேடி எடுத்து, வரிக்கு வரி சரிக்குறி இட்டுக்கொண்டே போயிற்று.

நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "என்ன அண்ணி, உங்களுக்கு நீங்களே டிக் போட்டுக்கறீங்களா?"

"பழக்கம்டி. டிக் போடாத காகிதத்தைப் பார்த்தா கை துறுதுறுங்குது."

"தானே பரீட்சை எழுதி, தானே திருத்தி, தானே நூத்துக்கு நூறு. எங்க காலேஜ்லயும் இந்த வசதி இருந்திருந்தா நான் எங்கயோ போயிருப்பேன்."

செவ்வாயன்று படிவம் சங்கத்தின் முகப்பு மேசைக்குப் போயிற்று. வியாழனன்று தொலைபேசி ஒலித்தது. பரிசோதனை முடிந்துவிட்டது, மறுநாள் பதினொரு மணிக்கு உறுதிமொழியில் கையெழுத்திட வரலாம்.

அதன்பின் பச்சைப்பேனாவின் கால் தரையில் பாவவில்லை. புதிய நிறுவனத்தில் சேதி சொல்லப் போய், நான்காம் மாடியில் இறங்க வேண்டியவர் மின்தூக்கியில் ஒன்பதாம் மாடிவரை போய்த் திரும்பினார். அந்த அலுவலகத்தின் சுழலும் கதவில் மூன்று சுற்றுச் சுற்றினார். இரண்டாம் சுற்றில் கைக்குடை நழுவி எங்கோ போனது, அதையும் கவனித்தாரில்லை. பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெரியவரிடம், "மூணு வார வேலைங்க, ரெண்டே நாள்ல முடிச்சுட்டாங்க" என்றார். பெரியவர் விஷயம் என்னவென்று கேளாமலே, "நல்லது தாயி" என்று வாழ்த்தினார். வீட்டில் நாத்தனாரும் அவரும் சேர்ந்து சிரித்த சிரிப்பில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அதற்கும் சிரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை பதிவாளர் கோப்பைப் பெருமையாக விரித்தார்.

"எங்க பரிசோதகர் வேலையைப் பாருங்கம்மா. ஒரு வரி விடாம டிக். இந்த சங்கத்துல பச்சை மையை அவரைத் தவிர யாரும் தொடக்கூடாது. பச்சையைப் பார்த்தா முத்திரை குத்தி அனுப்பிடுவோம்."

சரிக்குறிகளின் வால் மேல்நோக்கிச் சுருண்டிருந்தது.

பச்சைப்பேனாவின் முகத்தில் ஈயாடவில்லை. எதிரே உறுதிமொழித் தாள். அதன் முதல் வரி: 'எனக்குரிய எதற்கும் நானே சான்றளிக்க மாட்டேன்.' கடிகாரம் பதினொன்றே கால் காட்டிற்று. வாயை மூடிக்கொண்டு கையெழுத்திட்டால் நாற்காலி அவருடையது. எழுந்ததோ அடக்கமுடியாத சிரிப்பும் கூடவே ஒரு விக்கலும்.

"சார், மன்னிக்கணும். இது அவர் டிக் இல்ல. என்னோடது."

"உங்களோடதுன்னா?"

"நானே போட்டுக்கிட்டேன். பழக்கதோஷம்."

பதிவாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்; மாட்டினார்; மீண்டும் கழற்றினார். பரிசோதகர் அழைக்கப்பட்டார். வந்தவர் கோப்பைப் புரட்டி, "நான் இதைப் பார்க்கவே இல்லையே. ஆனா டிக் என்னவோ என்னோடதைவிட நல்லாயிருக்கு" என்றார்.

"நாலு மணிக்குள்ள எண் வேணும்னு படிவத்தோட ஒரு சீட்டு வச்சிருக்காங்க" என்றார் பதிவாளர்.

"அதுக்காகக் கண்ணை மூடிக்கிட்டா பார்க்க முடியும்?"

"மூட வேண்டாம் சார். முழுசாத் திறந்தே பாருங்க. நான் வெளியே உக்காந்திருக்கேன்" என்றார் பச்சைப்பேனா, விக்கலுக்கு நடுவே.

பரிசோதகர் மதிய உணவையும் தள்ளிவைத்து, அவருடைய குறிகளின் மேலேயே தம் குறிகளை இட்டுக்கொண்டு போனார். ஒன்பதாம் பக்கத்தில் பேனா நின்றது. அவரை உள்ளே அழைத்தார்.

"உறுப்பினரான பின் அனுபவம் எத்தனை வருஷம்னு கேட்டிருக்கு. பதிமூணுன்னு எழுதியிருக்கீங்க. பயிற்சி மூணு வருஷத்தையும் சேர்த்துட்டீங்களாம்மா?"

"எங்க பழைய சங்கத்துல அப்படித்தான் சேர்ப்போம்."

"இங்க சேராது. பத்துதான். மூத்த உறுப்பினராகப் பன்னிரண்டு வேணும்."

அந்தப் பதிமூன்றின் பக்கத்தில்தான் இருப்பதிலேயே அழகான சரிக்குறி சுருண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு மீண்டும் சிரிப்பு வந்தது. இம்முறை பரிசோதகருக்கும் தொற்றிக்கொண்டது.

மூன்றே முக்காலுக்கு எண் கைக்கு வந்தது. அதையும் பத்து வருஷக் கணக்கையும் அங்கிருந்தே தொலைபேசியில் ஒப்பித்தார். மறுமுனையில் தலைவர், "மேசையில எழுதி வச்சுட்டேன். நாற்காலி உங்களுக்குத்தான். ஆனா பெயர்ப்பலகையில மூத்தவர்னு போட முடியாதும்மா" என்றார்.

"நாற்காலிக்குக் கால் நாலும் இருக்கில்ல சார்? அது போதும்."

மாலையில் நாத்தனார் கதையைக் கேட்டு, "நூத்துக்கு நூறு போச்சா அண்ணி?" என்றாள். இருவரும் தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள்.

இழந்தவை வருமாறு. அனுபவத்தில் மூன்று ஆண்டுகள். பெயர்ப்பலகையில் 'மூத்த' என்னும் ஒரு சொல். உறக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடிய பழைய உறுப்பினர் எண். ஒரு கைக்குடை. அரைப் பாத்திரம் பால். பதிவாளர் விதியைக் காட்டி இழுப்பறையில் வைத்துப் பூட்டிக்கொண்ட பச்சைப் பேனா ஒன்று.