நாலு ஆசிரியர்களும் ரெனீயும்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புக்கு நாலு ஆசிரியர்கள். கணக்கு மார்லீனுக்கு, அறிவியல் டென்னிக்கு, ஆங்கிலத்துக்கும் வரலாற்றுக்கும் இன்னும் இருவர். அதே பிள்ளைகள்தான் நாலு பேரிடமும் மாறி மாறி வருவார்கள். சாப்பாட்டுக்கு முந்தைய பீரியடில் நால்வருக்கும் வகுப்பு கிடையாது. மார்லீனின் அறையில் கூடிப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் பேச்சு கேடன்ஸ் என்ற மாணவியைச் சுற்றியே வந்தது. காலைக் கணக்கு வகுப்பில் மேசைமேல் தூங்கிவிடுகிறாள் என்றாள் மார்லீன். கூடைப்பந்து ஆடுவதை விட்டுவிட்டாள், மணியடித்ததும் பஸ்ஸுக்கு ஓடுகிறாள் என்றார் வரலாற்று ஆசிரியர். அவள் ஸ்வெட்டர் தோளில் குழந்தை கக்கிய பால் காய்ந்திருந்ததை டென்னி கவனித்திருந்தான். தனித்தனியாக இதில் ஒன்றுமில்லை. சேர்த்துப் பார்த்தபோது புரிந்தது. அவள் அம்மா ரெனீக்குக் கிடங்கில் இரவு வேலை என்பது பள்ளிக்குத் தெரியும். கைக்குழந்தைத் தம்பியை விடிய விடியப் பார்த்துக்கொள்வது இந்தப் பன்னிரண்டு வயதுப் பெண்.

உதவத்தான் நினைத்தார்கள். இரவில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று பக்கத்துத் தேவாலயத்தில் ஒரு அம்மாளைக் கேட்டுவைத்தார்கள். பிறகு ரெனீயை வரச் சொன்னார்கள்.

அவள் வேலை முடிந்து நேராக வந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் வரிசையாக நாலு பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததுமே முகம் இறுகிவிட்டது. மார்லீன் தணிந்த குரலில்தான் பேசினாள். தேவாலயத்து அம்மாளைப் பற்றிச் சொல்ல வருவதற்குள் ரெனீ குறுக்கிட்டாள்.

"தினமும் நாலு பேரும் உக்காந்து என் வீட்டப் பத்தித்தான் பேசுறீங்களா?"

"கேடன்ஸ் நல்லாருக்கணும்னுதாங்க பேசுறோம்."

"சரி. இத வெளிய யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்னு சொல்லுங்க. தெரிஞ்சா கவர்மெண்டுல வந்து புள்ளைங்கள எடுத்துட்டுப் போயிருவாங்க."

மார்லீனால் அதைச் சொல்ல முடியவில்லை. பிள்ளைக்குக் கேடு என்று பட்டால் ஆசிரியர்கள் அரசின் குழந்தைகள் நல அலுவலகத்துக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்பது சட்டம். அவள் டென்னியைப் பார்த்தாள். அவன் மேசையைப் பார்த்தான். ரெனீ கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

அந்த வாரமே கேடன்ஸைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டாள். இனி வீட்டிலிருந்தே கணினியில் படிப்பாளாம். மார்லீன் எத்தனையோ முறை போன் செய்தாள். யாரும் எடுக்கவில்லை.

பள்ளியில் புத்தகம் வைக்கும் லாக்கரைக் காலி செய்ய வந்த அன்று கேடன்ஸ் கணக்கு வகுப்பு வாசலில் நின்றாள். மார்லீன் வெளியே வந்தாள்.

"மிஸ், நான்தான் உங்ககிட்ட சொல்லிட்டேன்னு அம்மா நெனைக்கிறாங்க. நான் யார்கிட்டயும் சொல்லலயே, மிஸ்?"

"நீ ஒண்ணுமே சொல்லலம்மா."

"அத அம்மாகிட்ட சொல்றீங்களா?"

சொல்கிறேன் என்றாள் மார்லீன். வெளியே காரில் ரெனீ ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாள். கேடன்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். மார்லீன் கதவு வரை போவதற்குள் கார் கிளம்பிவிட்டது.

மறுநாள் நாலு பேரும் கூடினார்கள். வரலாற்று ஆசிரியர், தன் வகுப்பில் வேறொரு பிள்ளை சில நாட்களாகச் சாப்பிடாமல் வருகிறான் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். என் வகுப்பிலும் அப்படித்தான் என்று சொல்ல வாயெடுத்த மார்லீன், சொல்லலாமா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.