எந்தக் கட்டி?

மற்ற டாக்டர்கள் வார்டுக்கு வருவார்கள். பெரிய டாக்டர் எழுந்தருளுவார். பின்னால் ஆறு பயிற்சி டாக்டர்கள், அவர் தும்மினாலும் குறித்துக்கொள்ள.

ஏழாம் கட்டிலில் பஸ் ஓட்டுநர். பாதத்துச் சீழ்க்கட்டியைக் கீறி எடுத்து மூன்று நாள். நேற்றிலிருந்து அதே காலின் கெண்டைச்சதை புடைத்து, தொட்டால் சுட்டது. ‘கெண்டைக்காலில் கட்டி?’ என்று நர்ஸ் சீட்டில் எழுதியிருந்தார்.

“கட்டியா? அதான் எடுத்தாச்சே! வீட்டுக்குப் போகலாம்” என்று கையெழுத்தைச் சுழற்றினார் பெரியவர்.

அதே நேரம் கீழே ஆய்வகத்தில் ஓட்டுநரின் தங்கை ஒரு சோதனைக் குழாயைச் சாய்த்தாள். அண்ணனின் சீழில் வளர்ந்த கிருமியைக் காலையில் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் கலந்து வைத்திருந்தாள். தண்ணீராக இருந்தது இப்போது அசையவில்லை. நேற்றே அண்ணனின் வீங்கிய காலைப் பார்த்திருந்தவள், இன்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று லிஃப்டுக்குக் காத்திராமல் படியேறி ஓடினாள்.

“சார், அனுப்பாதீங்க!”

“நீ யாரும்மா?”

“லேப் டெக்னீஷியன். இவருக்குத் தங்கச்சி.”

“ரெண்டுல எதுன்னு முதல்ல முடிவு பண்ணிக்கம்மா.”

ஆறு பேரும் கடமையுணர்வோடு சிரித்தார்கள்.

அவள் குழாயை அவருடைய பளபளக்கும் ஷூவுக்கு மேலே கவிழ்த்தாள். பெரிய டாக்டர் துள்ளிப் பின்வாங்கினார்; ஒரு சொட்டும் விழவில்லை.

“பாத்தீங்களா? பிளாஸ்மாவையே உறைய வச்சிடுச்சு இந்தக் கிருமி!”

“குழாயும் காலும் ஒண்ணா?”

“இல்ல சார். ஆனா தொற்று இருந்தா ரத்தம் சீக்கிரம் உறையும். கால் வேற வீங்கியிருக்கு. உள்ள உறைஞ்ச ரத்தம் பிச்சுக்கிட்டு நுரையீரலுக்குப் போயிட்டா? ஸ்கேன் பண்ணிடுங்க.”

“கட்டி எடுத்தாச்சுன்னு இருக்கேம்மா!”

“எடுத்தது சீழ்க்கட்டி. இந்தச் சீட்டுல நர்ஸக்கா கேட்டது ரத்தக்கட்டி!”

இரண்டு கட்டியையும் ஒரே கட்டியாகப் படித்துவிட்ட மேதை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஒரு கால்ல ரெண்டு கட்டியா? ஓவர்லோடு பாப்பா” என்றார் ஓட்டுநர். யாரும் சிரிக்கவில்லை.

இருபது நிமிடத்தில் ஸ்கேன். முழங்காலுக்குப் பின்னால், அழுத்தினால் அமுங்க வேண்டிய ரத்தக்குழாய் அமுங்கவேயில்லை. உள்ளே உறைந்த ரத்தம்.

“நான் அப்பவே சந்தேகப்பட்டேன்” என்றார் பெரிய டாக்டர், பயிற்சி டாக்டர்கள் பக்கம் திரும்பி.

தங்கை அதைக் கேட்கவில்லை. நர்ஸ் உறைவைத் தடுக்கும் ஊசியை எடுத்து வரும் வழியையே பார்த்திருந்தாள். வயிற்றில் ஊசி இறங்கியதும்தான் மூச்சுவிட்டாள்.

“நர்ஸக்கா, அவளுக்கு ஒரு நாற்காலி போடுங்க” என்றார் அண்ணன். “என் கால விட அவ கால்தான் நடுங்குது.”