பிறிட்ஜின் கீழ்த்தட்டு

ரயில் ஓடாத ஊரில் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டருக்கு என்ன மரியாதை? ஒரு மரியாதையும் இல்லை. ஆனால் அவரிடம் மண்ணெண்ணெயில் வேலை செய்யும் பிறிட்ஜ் ஒன்று இருந்து, சண்டையால் ஊரில் கரண்ட் போய் இரண்டு வருடமும் ஆகி, வீடும் பல்கலைக்கழகத்துக்குப் பின் ஒழுங்கையில் அமைந்துவிட்டால் பேராசிரியர்களே வந்து படலையைத் தட்டுவார்கள்.

வன்னிக் காட்டுக்குள் கரண்ட் எட்டிப்பார்க்காத ஒரு ஸ்டேஷனில் நான் வேலை பார்த்த காலத்தில் வாங்கிய பிறிட்ஜ் அது. அடியில் எண்ணெய்த் தாங்கி, ஒரு திரி, சின்ன நீலச் சுவாலை. கீழே நெருப்பு எரிய மேலே பெட்டி குளிரும். அது எப்படி என்று பௌதிகவியல் விரிவுரையாளர் ஒருவர் எனக்கு விளங்கப்படுத்தினார். ஒன்றும் விளங்கவில்லை. தலையை மட்டும் ஆட்டிவைத்தேன்.

எங்களுக்கு அது ஆடம்பரச் சாமான் அல்ல. என் மனைவி பாலேஸ்வரிக்குச் சலரோகம். காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போட்டால்தான் அவளுக்கு உயிர். அந்த மருந்தைக் குளிரில் வைக்காவிட்டால் கெட்டுப்போகும்.

மருந்தில் ஒரு சிக்கல் இருந்தது. அது மாட்டின் கணையத்திலிருந்து எடுத்தது. முதன்முதலில் எழுதிக்கொடுத்த டொக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டுச் சொன்னார். பாலேஸ்வரியோ பிறந்த நாள் முதல் சைவம். முட்டை போட்ட கேக் என்றால் தட்டைக்கூடத் தொடமாட்டாள். மாடு என்று தெரிந்தால் அன்றைக்கே ஊசியை நிறுத்திவிடுவாள், நிறுத்தினால் போய்ச் சேர்ந்துவிடுவாள். ஆகவே ஆஸ்பத்திரியிலிருந்து குப்பிகளைக் கொண்டுவந்ததும் லேபிள்களைச் சவர அலகால் சுரண்டிவிடுவேன். கேட்டால் ஈரத்தில் உரிந்துவிட்டது என்பேன். மருந்து வெறும் கெமிக்கல் என்றும் சொல்லிவைத்திருந்தேன்.

பல்கலைக்கழகம் எங்கள் வீட்டுக்குள் வந்தது அருந்ததியால். மருத்துவபீடத்தில் கிருமிகளைப் பற்றி ஆராய்கிற பிள்ளை, எங்கள் முன் அறையில் வாடகைக்கு இருந்தாள். தயிர்க் கிருமி என்று ஒரு போத்தலைக் கொண்டுவந்து வைக்கக் கேட்டாள், பதிலுக்கு மண்ணெண்ணெய் தருவதாகச் சொன்னாள். மண்ணெண்ணெய் தங்க விலை விற்ற காலம், சம்மதித்தேன். இருக்க இடம் கொடுத்தால் படுக்கப் பாய் கேட்பார்கள் என்பது சும்மா சொன்ன வார்த்தையா? அடுத்த கிழமை தாவரவியல் படிப்பிக்கிற உரும்பிராய்த் தியாகராசா நோய் பிடித்த வெங்காயத்தோடு வந்தார். ரசாயனவியல் நமசிவாயம் வலிகாமத்துக் கிணறுகளையெல்லாம் சின்னப் போத்தல்களில் அடைத்துக் கொண்டுவந்தார். தமிழ்த்துறைப் பெடியன் ஒருவன் ஒப்பாரி பதிந்த கசற்றுகளைப் பூஞ்சணம் பிடிக்காமல் வைக்க வேண்டும் என்றான். கணிதத்துறைக்காரருக்கு வைப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் மற்றவர்கள் வருகிறார்களே என்று வந்து குளிர்ந்த தண்ணீர் குடித்துவிட்டுப் போவார்.

எனக்கு ஒரு கிளாஸ் தேசிக்காய்த் தண்ணி வைக்க இடமில்லை. பாலேஸ்வரிக்கோ கொண்டாட்டம். இங்கிலீஷ் ரீச்சராக இருந்தவள், கேள்வி கேட்காமல் இருக்க முடியாது. எண்ணெய் என்னோடு, கேள்வி அவளோடு. "உம்மடை ஆராய்ச்சியை எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லும், பேந்து வையும்" என்பாள். வெங்காயத்துக்கு ஏன் நுனி கருகுகிறது, கிணற்றில் பசளை எப்படி ஊறுகிறது, ஒப்பாரியில் ஏன் சமையல் சாமான்களின் பெயர் வருகிறது எல்லாம் அவளுக்கு அத்துபடி. ராத்திரிச் சாப்பாட்டில் அவற்றை எனக்கும் ஊட்டுவாள்.

ஒருநாள் காலை வில்லியம் வந்தான். கொழும்புத்துறைப் பெடியன், விலங்கியல் உதவி விரிவுரையாளன். சைக்கிள் ஹாண்டிலில் ஒரு சிவப்பு வாளி.

"ரீச்சர், கீழ்த்தட்டிலை ஒரு சின்ன இடம் போதும்."

"வாளிக்குள்ளை என்ன தம்பி?"

"மீன், ரீச்சர். விடிய வலையிலை பட்ட ஓரா."

வெங்காயம் பார்க்க வந்திருந்த தியாகராசா வெடித்துச் சிரித்தார். "உவருக்கு வீடு மாறிப்போச்சு ரீச்சர்! ஓய், இது மச்சம் மாமிசம் புழங்காத வீடு."

"பொறும் தியாகராசா. அவர் ஆராய்ச்சியைச் சொல்லட்டும்" என்று பாலேஸ்வரி பிறிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

வில்லியத்தின் முகம் மலர்ந்தது. "மீன்ரை குடலுக்குப் பக்கத்திலை கடுகு மாதிரி ஒரு சுரப்பி இருக்கு ரீச்சர். அதுக்குள்ளை..."

அப்போதுதான் அவன் மேல்தட்டைப் பார்த்தான். இன்சுலின் குப்பிகள், எல்லாம் லேபிள் சுரண்டினவை. ஒன்றில் மட்டும் என் அலகுக்குத் தப்பிய துண்டுக் கடதாசி ஒட்டியிருந்தது. பிறகு என்னைப் பார்த்தான். நான் மனைவிக்குப் பின்னால் நின்று இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன்.

"அதுக்குள்ளை என்ன தம்பி?"

"ஒண்டுமில்லை ரீச்சர். எவ்வளவு பெரிசெண்டு அளக்கிறன்."

"அளந்து?"

"எழுதி வைப்பன்."

தியாகராசாவுக்குச் சிரிப்பில் புரையேறியது. பாலேஸ்வரி சிரிக்கவில்லை. "குறை நினையாதையும் தம்பி. மச்சம் மட்டும் இஞ்சை வைக்கேலாது. இருந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம்" என்றாள்.

படலை வரைக்கும் அவனோடு போனேன். "உண்மையிலை அதுக்குள்ளை என்ன தம்பி?"

"இன்சுலின்தான் ஐயா" என்றான். "மருந்துக் கப்பல் வராட்டி என்ன செய்யிறதெண்டு யோசிச்சுத் தொடங்கினனான். ஊசியா வர எத்தினையோ வருஷம் செல்லும், வராமலும் போகும். ஆனா எங்கடை கடலிலையும் இருக்கெண்டாவது காட்டவேணும். வெட்டின உடனை குளிரிலை வைக்காட்டிச் சுரப்பி பழுதாப்போகும்."

"இதை அவவுக்குச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா, இப்ப எதிலையிருந்து எடுக்கினமெண்டு ரீச்சர் கேப்பா. கேக்காமல் விடுவாவே?"

வாளி ஆட ஆட அவன் சைக்கிளில் போனான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. யாரும் பார்த்துவிடக்கூடாதே என்று ஒழுங்கையில் சும்மா படுத்திருந்த நாயை ஏசினேன்.

ஆவணியில் பல்கலைக்கழகத்தின் வருடாந்த ஆய்வரங்கு வந்தது. பாலேஸ்வரிக்கு விசேஷ அழைப்பு. அவள் கூறைக்கு அடுத்த நல்ல சேலையை உடுத்தினாள். முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். மேலே பொம்மர் விமானம் சுற்றியதால் கொஞ்ச நேரம் எல்லோரும் வெளியே மரங்களுக்குக் கீழே நின்றுவிட்டு வந்தோம், பிறகு தொடங்கியது. வெங்காயம் வந்தது, கிணறு வந்தது, ஒப்பாரி வந்தது. எங்கள் வீட்டுப் பிறிட்ஜ் ஒவ்வொரு தட்டாக மேடை ஏறியது போல இருந்தது. கணிதக்காரர் முடிச்சுகளைப் பற்றிப் பேசினார். கைதட்டியவர்களில் பாதிப்பேருக்காவது அது விளங்கியிருக்காது.

அடுத்தது வில்லியம் என்றார் தலைவர். 'களப்பு மீன்களின் ஒரு சுரப்பி' என்று தலைப்பை வாசித்தார். நான் பாலேஸ்வரியின் பக்கம் சாய்ந்தேன்.

"இஞ்சாரும், தலையிடிக்குது. வீட்டை போவம்."

"இருங்கோ. எங்கடை பெடியன் கதைக்கப்போறான்."

வில்லியம் மேடைக்கு வந்து தாளை விரித்தான். "எங்கடை நாட்டுக்கு இப்ப வாற இன்சுலின்..." என்று தொடங்கியவன், நிமிர்ந்தபோது முன்வரிசையில் ரீச்சரைக் கண்டான். வசனம் அப்படியே நின்றது. அவன் தாளை மடித்தான்.

"மன்னிக்கவேணும். குளிர் வசதி இல்லாமல் என்ரை மாதிரிகள் பழுதாப்போச்சு. முடிவு சொல்லுற நிலையிலை நான் இல்லை."

பின்வரிசைகளில் முணுமுணுப்பு. ஒரு பெரிய மனிதர் "இதுக்கேன் பேர் குடுத்தவர்?" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். வில்லியம் தலை குனிந்து நின்றான். இன்னொருவருடைய பெண்சாதியின் உயிருக்காக அவன் அங்கே மானம் கெட்டு நிற்கிறான், நான் கதிரையில் குந்தியிருக்கிறேன். எழுந்து கத்தலாம் போல இருந்தது. என்னவென்று கத்துவது?

தலைவர் சம்பிரதாயத்துக்கு, "கேள்விகள் ஏதும்?" என்றார்.

பாலேஸ்வரி எழுந்தாள்.

"தம்பி வில்லியம், இப்ப மாட்டிலையிருந்து எடுக்கிற இன்சுலினை உம்மடை ஓராவிலையிருந்து எடுக்கேலுமோ?"

என் காதுக்குள் ரயில் ஓடியது. வில்லியம் என்னைப் பார்த்தான். நான் யாரைப் பார்ப்பது?

"எடுக்கேலும் ரீச்சர்" என்றான் மெதுவாக. "கொஞ்சம்தான். ஆனா இருக்கு."

"குளிர் இருந்தாக் காட்டுவீரோ?"

"ஓம் ரீச்சர்."

"அப்ப நாளைக்கு வாளியைக் கொண்டுவாரும். கீழ்த்தட்டை ஒதுக்கித் தாறன். மாட்டைவிட மீன் கொஞ்சம் சைவம்தானே."

மண்டபமே சிரித்தது. தியாகராசாதான் முதலில் கைதட்டினார். வில்லியம் கண்ணைத் துடைத்துவிட்டு மடித்த தாளை மறுபடி விரித்தான்.

வீட்டுக்கு நடந்து வரும்போது ஒழுங்கை முனையில் வைத்துக் கேட்டேன்.

"எப்ப தொடக்கம் தெரியும்?"

"முதல் குப்பியிலையிருந்து. குசினி யன்னலாலை பாத்துக்கொண்டுதான் நிண்டனான். ஸ்டேஷன் மாஸ்டர் கள்ளன் மாதிரி லேபிள் சுரண்டினார். சுரண்டின கடதாசியைக் குப்பையிலை போட்டால் நான் வாசிக்கமாட்டனோ?"

"பிறகேன் ஊசி போட்டனீர்?"

அவள் நின்றாள். "நான் போனா உங்களை ஆர் பாக்கிறது? ஒரு தேத்தண்ணி வைக்கத் தெரியுமோ? ஒவ்வொரு நாளும் முருகனிட்டைச் சொல்லிப்போட்டுத்தான் குத்தினனான். அவருக்கு விளங்கும்."

"அப்ப அண்டைக்கு மீனுக்கேன் இடம் குடுக்கேல்லை?"

"சைவத்திலை ஒண்டை உங்களுக்காக விட்டிட்டன். மற்றதையாவது பிடிச்சுக்கொண்டிருப்பமெண்டு பாத்தன். அவன் இதுக்குத்தான் கேக்கிறானெண்டு எனக்கெப்பிடித் தெரியும்?"

இத்தனை காலமும் நான்தான் அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒழுங்கையில் ஆட்கள் வந்தார்கள் போனார்கள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேதான் வீடுவரை நடந்தேன்.

அடுத்த நாள் விடிய வில்லியம் வாளியோடு வந்தான். பாலேஸ்வரி கீழ்த்தட்டைத் துடைத்து, ஒப்பாரிக் கசற்றுகளை வெங்காயத்துக்குப் பக்கத்தில் ஏற்றி, தட்டில் வாழையிலை ஒன்றையும் விரித்துவைத்திருந்தாள். மூக்கைச் சேலைத்தலைப்பால் மூடிக்கொண்டு, "வையும் தம்பி" என்றாள்.

அன்று ஆஸ்பத்திரியில் புதுக் குப்பிகள் கொடுத்தார்கள். நான் வந்து மேசையில் வைத்துவிட்டுப் பழக்கதோஷத்தில் சவர அலகை எடுத்தேன். அவள் பின்னால் வந்து அதை என் கையிலிருந்து வாங்கினாள்.

"விடுங்கோ. விரலை வெட்டிப்போடுவியள்."