சோபாவில் படுப்பவர் கணக்கில் வருவாரா?

“சோபாவுல படுக்கறவன் எப்படிடீ வீடில்லாதவன் ஆவான்? என் வீட்டு மானத்தக் கணக்கெடுக்கத்தான் உனக்குச் சம்பளம் குடுக்கறாங்களா?”

அக்காவின் குரல் மூன்றாம் மாடியில் புறப்பட்டுத் தபால்பெட்டிகள் வரை இறங்கியது. படிக்கட்டுக் கதவுகள் ஒரு விரல் அளவுக்குத் திறந்துகொண்டன, காற்றுக்காகத்தான். தங்கை கழுத்தில் அடையாள அட்டையோடு அசையாமல் நின்றாள். முன்னாள் படைவீரர்களில் எத்தனை பேர் வீடில்லாமல் கிடக்கிறார்கள் என்று எண்ணுவது நகராட்சி அவளுக்குக் கொடுத்த வேலை. போதிய ஆட்கள் தேறினால் பழைய நூலகக் கட்டடம் அவர்களுக்கு விடுதியாகும். தேறாவிட்டால் கார் நிறுத்துமிடம். அந்த விடுதியில் ஓர் அறைக்குள் அண்ணனை எப்போதோ மனதால் குடியேற்றிவிட்டாள் அவள்.

பட்டாளத்திலிருந்து வந்த அண்ணன் அக்கா வீட்டுச் சோபாவில்தான் படுத்திருந்தார். அக்கா மகளுக்கு வரன் கூடிவந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்தால் உட்காரச் சோபா வேண்டுமே. “கொஞ்ச நாளைக்கு” என்று சந்தைக்குப் பின்னால் நின்ற ஓட்டை வேனுக்குப் போனார் அண்ணன். கொஞ்ச நாள் ஒரு குளிர்காலத்தையே தின்றுவிட்டது. அக்காவைக் கேட்டால் மட்டும் அவர் இன்னும் சோபாவில்தான்.

“நேத்து ராத்திரி சோபாவுல யாருக்கா படுத்தா?”

அக்கா, அடுப்பில் குக்கர் இருக்கிறது என்று உள்ளே போனாள். அடுப்பே எரியவில்லை என்று எதிர்வீட்டம்மா பிற்பாடு சத்தியம் செய்தார்.

மறுநாள் காலை சந்தை வாசலில் இலவச சூப் வரிசை. பட்டாளத்தில் இருந்தீர்களா என்று தங்கை கேட்டுக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு தலையாக இல்லை என்று ஆடியது. அண்ணன் தலையும் ஆடியதும் அவளுக்குச் சுருக்கென்றது.

“எங்கிட்டயே பொய் சொல்றியேண்ணா.”

“பொய் இல்லம்மா. பட்டாளத்தான்னா துப்பாக்கி புடிச்சவன். நான் லாரி ஓட்டுனவன்தானே.”

“நான் கரண்டி புடிச்சவன்,” என்றார் பின்னால் நின்றவர், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல.

தப்பு அவர்கள் தலையில் இல்லை, கேள்வியில் இருந்தது. படையில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டால் வாய்கள் திறந்தன. பாதியில் கேள்வியை மாற்றினால் கணக்கு செல்லாது என்று போனில் குதித்தார் மேலதிகாரி.

“அப்ப முதல்லேருந்து எண்ணிடறேன் சார்.”

எண்ணினாள். பாலங்களுக்கு அடியில், பேருந்து நிலையத்தில், பூட்டிய கடை வாசல்களில், பார்த்த ஆட்களையே மறுபடி பார்த்து. கால் வீங்கி, கணவனின் செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள். நிலையத்து பெஞ்சில், படையில் ரேடியோ பழுதுபார்த்தவர் ஒருவர். மாப்பிள்ளையின் அதே மூக்கு. வெளிநாட்டில் ஓகோவென்று இருப்பதாகச் சம்பந்திகள் பெருமையடித்த மாப்பிள்ளையின் சித்தப்பா.

“என்னை எண்ணிக்கம்மா. வீட்டுல மட்டும் சொல்லிடாத. அண்ணன் பையனுக்குக் கல்யாணம் வருது.”

அவரை எண்ணினாள், சொல்லவில்லை. அக்காவின் அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு சங்கதி வாயைத் தாண்டாமல் நின்றது அதுதான் முதல் தடவை.

ஆட்கள் தேறினார்கள். கல்யாணமும் நடந்தது. பெண் புருஷனோடு கடலோர ஊருக்குப் போனாள். சோபாவும் சீர்வரிசையாகக் கூடவே போனது. நூலகக் கட்டடத்தில் அண்ணனும் அந்தச் சித்தப்பாவும் அடுத்தடுத்த அறை. சம்பந்தி மரியாதையோடு ஒரே செய்தித்தாளைப் பிரித்துப் படிக்கிறார்களாம். அக்கா இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை. தரைவிரிப்பில் சோபாக் கால்கள் அழுந்திய நான்கு பள்ளங்கள் அப்படியே இருக்கின்றன. பெருக்கும்போது அவள் துடைப்பம் அவற்றைச் சுற்றிக்கொண்டு போகிறது.