இல்போவை அழித்த வியாழக்கிழமை

"போறவங்க போயிடுறாங்க. அவங்க சொல்லி வச்ச வேலை மட்டும் யாருக்காக ஓடிட்டு இருக்கு?" என்று மெர்வி கேட்டாள்.

"யாருக்காகவும் இல்ல. சொன்னாங்க, செய்யுது. ஆள் வேலையை விட்டுப் போனது சர்வருக்கு எப்படித் தெரியும்?" என்றான் இல்போ.

"ஆளை அழிச்சிட்டா?"

"அப்படியே நின்னுடும். ஏன் நின்னுச்சுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. ரெய்னோ கதைதான்."

"நீ போறப்போ நான் முதல்லயே லிஸ்ட் எடுத்து வச்சுக்கிறேன்."

"நான் எங்க போகப் போறேன்," என்று சொல்லிவிட்டு இல்போ காபிக் கோப்பையைக் கழுவப் போனான்.

இந்தப் பேச்சு நடந்து எட்டு வருஷமாகிவிட்டது. ஒரு பேக்கரியின் கணினி வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் அந்த அலுவலகத்திலிருந்து ரெய்னோ ஓய்வு பெற்ற வாரம் அது. யோயென்சூ நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள கடைகளிலிருந்து, வெண்ணெய் தடவித் தின்னும் பீராக்கா அப்பங்களுக்கான ஆர்டர்களைச் சேகரித்து பேக்கரிக்கு அனுப்புகிற வேலை தினமும் நடுப்பகல் பன்னிரண்டு மணிக்கு ரெய்னோவின் பெயரில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மனிதர் கேக் வெட்டிவிட்டு வீட்டுக்குப் போன கையோடு யாரோ சுறுசுறுப்பாக அவர் கணக்கை அழித்துவிட்டார்கள். மூன்று நாள் ஊரில் பீராக்கா இல்லை. கடைக்காரர்கள் பேக்கரியில் வேலைநிறுத்தம் என்று நினைத்தார்கள். பேக்கரிக்காரர்கள், ஊர் மொத்தமும் உடல் இளைக்கக் கிளம்பிவிட்டது என்று நினைத்தார்கள்.

அதற்குப் பிறகு அந்த வேலை இல்போவின் பெயருக்கு மாறியது, மெர்வி மூன்று வரியில் ஒரு விதி எழுதினாள். முதலில், போகிறவர் பெயரில் நேரம் குறித்து ஓடுகிற வேலைகளைப் பட்டியல் எடு. அடுத்து, ஒவ்வொன்றுக்கும் புதுச் சொந்தக்காரரைப் பிடி. அதன் பிறகே ஆளை அழி. அதை அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, தன் திரைக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்தாள். பார்க்க வருகிறவர்களிடம் கொஞ்சம் பெருமையாகக் காட்டவும் செய்வாள்.

இப்போது இல்போ போகிறான். தூரத்தில் உள்ள ஓலு நகரில் வேறு வேலை கிடைத்துவிட்டது. இன்று, ஜூன் இருபது, ஊரே ஏரிக்கரைக்குப் போய்விடும் ஜுஹானுஸ் கோடை விழாவுக்கு முந்தின வியாழக்கிழமை, அவனுக்குக் கடைசி நாள். நாளைக் காலை எட்டு மணிக்கு ரயில். இந்தச் செய்தியை அவன் ஒரு மாதம் முன்பு சொன்னபோது மெர்வி, "ஓலுல கொசு கம்மி" என்று மட்டும் சொன்னாள்.

அவள் சொல்ல நினைத்தது அதுவல்ல. ஜுஹானுஸுக்குத் தன் ஏரிக்கரை வீட்டுக்கு வரச் சொல்லி இல்போவைக் கூப்பிட வேண்டும் என்று எட்டு வருஷமாக அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஏரிக்கரை வீட்டுக்கு ஒருவரைக் கூப்பிடுவது சினிமாவுக்குக் கூப்பிடுவது போலக் கிடையாது. சாவுனா என்னும் நீராவி அறையில் உட்கார வைக்க வேண்டும், அம்மா செய்த உருளைக்கிழங்கு சாலடைப் பரிமாற வேண்டும், நீரில் குதித்துவிட்டு வந்து ஒரே பெஞ்சில் பேசாமல் இருக்க வேண்டும். அப்படிப் பேசாமல் இருக்கத் தோதான ஆளை மட்டுமே கூப்பிட முடியும். இல்போவைப் போலப் பேசாமல் இருக்கத் தெரிந்தவன் மாவட்டத்திலேயே கிடையாது.

முதல் வருஷம் லிஃப்டில் ஆரம்பித்தாள். மாடி வந்துவிட்டது. மூன்றாம் வருஷம் தைரியம் வரவழைத்துக்கொண்டு அவன் மேசைக்கு முன்னால் போய் நின்று, ஏரித் தண்ணீர் இன்று பதினேழு டிகிரி என்று தகவல் சொல்லிவிட்டுத் திரும்பினாள். ஐந்தாம் வருஷம் ஏரியில் பிடித்த மீனைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். அவன் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டான். அடுத்த திங்கட்கிழமை காகிதத்தைத் துவைத்துக் காயப்போட்டது போல மடித்துத் திருப்பிக் கொடுத்தான். இதெல்லாம் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும், இல்போவைத் தவிர.

காலை பதினொரு மணிக்கு அம்மாவிடமிருந்து போன் வந்தபோது மெர்வி கோடைக்காலத் தற்காலிக ஊழியர்களில் பாதியில் நின்றுவிட்டவர்களின் கணக்குகளை அழித்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு பேர். அவர்கள் பெயரில் எந்த வேலையும் ஓடவில்லை என்று முன்பே பார்த்தாகிவிட்டது. ஆகவே ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்ப மேலே வரவழைத்து, பெயரை மட்டும் மாற்றி, கோப்புகளோடு சேர்த்து அழித்துக்கொண்டே வந்தாள். கை தானாகப் போய்க்கொண்டிருந்தது.

அம்மா எடுத்த எடுப்பிலேயே சாசேஜ் எத்தனை வாங்குவது என்று கேட்டாள். வழக்கம்போல் வாங்கச் சொன்னாள் மெர்வி. போன வருஷம் அந்தப் பையனுக்கும் சேர்த்து வாங்கி, நாலு சாசேஜ் பக்கத்து வீட்டு நாய்க்குப் போனதை அம்மா நினைவுபடுத்தினாள். அந்தப் பையனுக்கு நாற்பத்தேழு வயது என்றாள் மெர்வி. அப்படியானால் சீக்கிரம் கூப்பிடுவது நல்லது என்றாள் அம்மா.

"கூப்பிடறதுக்கு ஆளே இங்க இல்லம்மா. இல்போ நாளைக்குப் போறான். போனை வை," என்று சொல்லிவிட்டு மெர்வி பதிமூன்றாவது பெயரை அடித்தாள்.

அது இல்போவின் பெயர். பதிமூன்றாவதாக ஒரு பெயர் இருக்கவே கூடாது என்பது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

பன்னிரண்டேகால் மணிக்கு அலுவலக மேலாளர் ஹன்னேலே கதவில் நின்றாள். ஆர்டர் வரவில்லை என்று பேக்கரியிலிருந்து போன் வந்ததாம். ஜுஹானுஸுக்கு முந்தின நாள் ஆர்டர், வருஷத்திலேயே பெரியது. ஒரு மணிக்குள் எண்ணிக்கை போய்ச் சேராவிட்டால் மாவு பிசைய ஆரம்பிக்க முடியாது. வட கரேலியா மாவட்டம் முழுக்க நாளை வெறும் வெண்ணெயைத் தின்ன வேண்டியதுதான்.

மெர்வி சர்வரின் பதிவேட்டைத் திறந்தாள். பன்னிரண்டு மணிக்கு நேராக ஒரு வரி. வேலைப் பட்டியல் இருக்கிறது, ஆனால் அதற்கு உடையவர் யாரும் இல்லை. அப்படிப்பட்ட பட்டியலுக்கு சர்வர் வைத்திருக்கும் பெயர் அனாதை. இல்போவின் பெயருக்குப் பக்கத்தில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்தது. பீராக்காவுக்காகத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஹன்னேலே திரையைப் பார்த்தாள், சுவரில் உறை போட்டு ஒட்டியிருந்த விதியைப் பார்த்தாள், மெர்வியைப் பார்த்தாள். போய் இல்போவை அழைத்து வந்தாள். அவன் கையில் ஸ்ட்ராபெரி கேக் தட்டு இருந்தது.

"என்னை அழிச்சிட்டியாமே," என்றான்.

"கை பழக்கத்துல போயிடுச்சு."

"கோப்பெல்லாம்?"

"அதையும் சேர்த்துத்தான்."

இல்போ கொஞ்ச நேரம் கேக்கைத் தின்றான். "சுத்தமா செஞ்சிருக்க," என்றான். அவன் வாயிலிருந்து இது பெரிய பாராட்டு.

நேற்றிரவு எடுத்த நகலிலிருந்து அவன் கோப்புகளைத் திரும்பக் கொண்டுவர முடியும், அரைமணி நேரம் பிடிக்கும். வேலைப் பட்டியல் வேறு இடத்தில் இருப்பதால் அது அழியவில்லை. கோப்புகள் வந்து இறங்குகிற நேரத்தில், காலையில் செய்திருக்க வேண்டியதை இப்போது செய்துவிடலாம் என்று முடிவாயிற்று. மெர்வி ஒவ்வொரு வேலையாக உரக்கப் படிப்பது, ஹன்னேலே சொந்தக்காரரின் பெயரை எழுதிக்கொள்வது. எதுவும் இனி தனி ஆள் பெயரில் ஓடக் கூடாது, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பொதுக் கணக்குக்கு எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், பொறுப்புக்கு மட்டும் ஓர் ஆள் போதும் என்றாள் மெர்வி. ரொம்ப நல்ல யோசனை, காலையிலேயே வந்திருக்கலாம் என்றாள் ஹன்னேலே.

கடை ஆர்டர்களை முதலில் மாற்றினார்கள். அடுத்து, கால் மணிக்கு ஒருமுறை அடுப்புகளின் சூட்டைக் குறித்துக்கொள்ளும் வேலை. மாவு மூட்டை குறைந்தால் ஆலைக்குத் தகவல் அனுப்பும் வேலை. ஏழாவது, திங்கட்கிழமை காலை ஹன்னேலேயின் பிரிண்டரில் சிக்கி நிற்கும் காகிதங்களைத் தள்ளிவிடும் வேலை. ஹன்னேலேயின் பேனா நின்றது. ஆறு வருஷமாகத் தினமும் திட்டித் திட்டித்தான் அந்தப் பிரிண்டரை வழிக்குக் கொண்டுவந்ததாக அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

பதினொன்றாவது வேலை, வியாழக்கிழமை மூன்று மணிக்கு அலுவலக சாவுனாவைச் சூடாக்குவது.

"அது நீயா?" என்றாள் ஹன்னேலே. "நான் கட்டடத்துக் காவலாளி பண்றார்னு நினைச்சேன். வருஷா வருஷம் அவருக்கு சாக்லேட் டப்பா குடுத்துட்டு இருக்கேனே."

"அவர் என்ன சொன்னார்?" என்றான் இல்போ.

"நன்றின்னு சொன்னார்."

இல்போ தலையாட்டினான். எதற்கு என்று கேட்காமல் வாங்கிக்கொண்ட அந்தக் காவலாளி மேல் அவனுக்கு மரியாதை வந்தது போலிருந்தது. சாவுனாவுக்குப் பொறுப்பேற்க ஹன்னேலே அங்கேயே தன் பெயரைப் போட்டுக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை நகல் சரிபார்க்கும் வேலைக்கு யாரும் முன்வராததால் அது மெர்விக்கு வந்தது.

பன்னிரண்டு ஐம்பதுக்குக் கோப்புகள் வந்து சேர்ந்தன. மெர்வி ஆர்டர் வேலையைக் கையால் ஓட்டிவிட்டாள். இரண்டு நிமிஷத்தில் பேக்கரியிலிருந்து போன் வந்தது. எண்ணிக்கை கிடைத்துவிட்டது, பிசையத் தொடங்கிவிட்டோம் என்று சொல்லிவிட்டு, இதற்குக் காரணமானவர் யாரோ அவருக்கு ஒரு பெட்டி பீராக்கா கிடையாது என்றும் சொன்னார்கள். மூவரும் மூச்சுவிட்டார்கள்.

"இன்னும் ஒண்ணு இருக்கு," என்று மெர்வி லேசான மனத்தோடு திரையைக் கீழே நகர்த்தினாள். "இருபத்து மூணாவது. வருஷத்துக்கு ஒரு தடவை ஓடுது. ஜூன் இருபது, மதியம் ஒரு மணி. உனக்கு நீயே மெயில் அனுப்பிக்கிறியா?"

"அதை விட்டுடு," என்றான் இல்போ.

ஆனால் அவள் வாய் அதற்குள் அடுத்த வரிக்குப் போய்விட்டது. "இந்த வருஷமாவது மெர்விகிட்ட..."

அவள் நிறுத்திக்கொண்டாள். ஹன்னேலே பேனாவை மூடாமல், எழுதாமல், பிடித்தபடியே இருந்தாள்.

"மெர்விகிட்ட என்ன?" என்றாள் ஹன்னேலே.

"கேளுன்னு போட்டிருக்கு," என்றாள் மெர்வி சன்னமாக. "அவ்வளவுதான் இருக்கு."

ஹன்னேலே இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, கேக் தீர்ந்துவிடப் போகிறது என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வெளியே போனாள். அவள் காலடி ஓசை மூன்று அடியில் நின்றுவிட்டது இருவருக்கும் கேட்டது.

இல்போவின் காது சிவந்திருந்தது. தட்டில் கேக் இல்லை. இருந்தாலும் கரண்டியால் ஒருமுறை சுரண்டினான்.

"எப்போ வச்சது?" என்று கேட்டாள்.

"நீ லிஃப்டுல ஏதோ சொல்ல வந்தியே, அந்த வருஷம். வருஷா வருஷம் கரெக்டா வரும். படிச்சிட்டு, காபி குடிச்சிட்டு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு மூடிடுவேன்."

"என்ன கேக்கணும்?"

இல்போ ஜன்னலைப் பார்த்தான். வெளியே கார்கள் படகுகளை இழுத்துக்கொண்டு ஏரிகளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன.

"ஜுஹானுஸுக்கு எல்லாரும் எங்கயாவது போறாங்க," என்றான். "நான் இங்க மாடியில உக்காந்து ரேடியோ கேக்கறேன். ஏரித் தண்ணி பதினேழு டிகிரின்னு வந்து சொன்ன. மீன் குடுத்த. சரி, இப்ப சொல்லுவா, இப்ப சொல்லுவான்னு பாத்தேன். ஒருத்தர் வீட்டுக்கு நானா வரேன்னு எப்படிச் சொல்றது?"

"அதனாலதான் ஓலுவா?"

"ஓலுல கொசு கம்மின்னு நீதான் சொன்ன."

மெர்விக்குச் சிரிப்பு வந்தது, கூடவே வேறென்னவோவும் வந்தது. சுவர்க் கடிகாரத்தில் ஒரு மணி ஆயிற்று. இல்போ பழக்கத்தில் போனைப் பார்த்தான். எந்த மெயிலும் வரவில்லை. வரவும் வராது. அனுப்ப வேண்டிய ஆளைத்தான் அவள் காலையிலேயே அழித்துவிட்டாளே. நாளை எட்டு மணிக்கு ரயில் இருந்தது. அதற்குப் பிறகு அடுத்த வருஷம் என்று ஒன்று கிடையாது.

அவள் நாற்காலியை அவன் பக்கம் திருப்பினாள். தண்ணீரின் சூடு, மீன், கொசு என்று நாக்கு நுனியில் வழக்கமான சொற்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொன்றாக விழுங்கினாள்.

"இல்போ, நாளைக்கு ரயில் ஏறாத," என்றாள். "எங்க ஏரிக்கரை வீட்டுக்கு வா."